குடிக்காமல் விட்ட தேத்தண்ணி

கோப்பையில் சிவப்பு ரோசாப்பூ. விளிம்பில் தங்கக் கோடு. எதிரே இருந்த கண்ணாடி அலுமாரிக்குள் அதே மாதிரி ஐந்து கோப்பைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆறாவது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கொண்டுவந்தவளுக்குப் பதினாறு வயது. தேத்தண்ணி ததும்பிவிடக் கூடாதென்று கண்ணை அதிலேயே வைத்து, சின்னச் சின்ன அடியாக விறாந்தைக்கு வந்தாள். இஞ்சி வாசம் அவளுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பீரிசுத் தட்டில் நான்கு பிஸ்கட் இருந்தன.

நான் சிரித்த முகத்தோடு கையை உயர்த்தி, "வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றேன்.

அது பொய். காலையில் வெறும் வயிற்றோடு ஸ்கூட்டியை எடுத்தவள் நான். அந்த இஞ்சி வாசத்துக்கு நாக்கு ஊறியது. ஆனாலும் எனக்குப் படிப்பித்த சட்டத்தை ஒரு நல்ல மாணவியாக நின்று காப்பாற்றினேன்.

அவள் தட்டோடு, கதவடியில் நின்ற தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தார். பிள்ளை திரும்பி அடுக்களைக்குள் போனாள். அதன் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

இத்தனை வருடத்தில் நான் விட்ட பிழைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்தக் கோப்பையைத்தான் முதலில் வைப்பேன்.

பேரை மாற்றியவள்

அந்தப் பிள்ளையின் உண்மைப் பேரை எழுத மாட்டேன். ஊரையும் எழுத மாட்டேன். வலிகாமத்தில், செம்மண் செருப்பில் அப்பிக்கொள்கிற ஒரு ஊர் என்பது போதும்.

இதை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். இப்போது அவள் இருபதைத் தாண்டிவிட்டாள். எழுதலாம், ஆனால் தான் வாசித்த பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும் என்றாள். நான் 'வாணி' என்று பேர் வைத்து அனுப்பியிருந்தேன். அது தன்னுடைய பெரியம்மாமார் காலத்துப் பேர் என்று அடித்துவிட்டு 'அக்சயா' என்று போட்டாள். இரண்டு பந்திகளை வெட்டினாள். ஒன்றை மட்டும் வெட்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள்.

சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம் அது. கணக்கில் அக்சயாதான் வகுப்பில் முதல் ஆள். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. தலையிடி என்றாள். செவ்வாய்க்கிழமை வயிற்றுக்குத்து. மூன்றாம் கிழமை காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். சும்மா எழும்பவில்லை.

தகப்பன் மேசன் வேலை செய்கிறவர். அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. தினமும் காலையில் அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்து வாசலில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். தாய் வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுக்கிறவர். அவர் நேர்த்தி வைத்தார், நூல் கட்டினார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதித்தார். ஊர் தன் பங்குக்கு ஒரு காதலைக் கண்டுபிடித்துப் பெடியன் ஒருவனுடைய பேரையும் சொன்னது. அந்தப் பெடியனுக்கே அது புதுச் செய்தி.

தவணை முடிவதற்குள் வராவிட்டால் சோதனைக்கு விடுவது கஷ்டம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பாசிரியை என்னிடம் வந்தார். பிள்ளை வீட்டுப் படலையைத் தாண்டுகிறாளில்லை, நீங்கள்தான் போக வேண்டும் என்றார். அப்படித்தான் போனேன்.

கீழே டியூசன், மேலே நான்

போன கிழமை அத்தியாயத்தை வாசித்த சிலர், இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்வது எனக்கு வராத கலை என்பது இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

நான் குருநகர்ப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போனவர். கோவில் மணியும் போட் எஞ்சினும் கேட்டு எழும்பிய வீடு எங்களுடையது. படித்து விஞ்ஞான ரீச்சர் ஆனேன். சண்டைக் காலம் முடிந்து சில வருடம் கழித்து என் வகுப்பில் ஒரு பிள்ளை யன்னல் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்றாள். நான் கண்டிப்பான ரீச்சர். ஒழுங்கு ஒழுங்குதான் என்று யன்னலோரம் இருத்தினேன். ஒரு தவணை முழுக்க வாய் திறக்காமல் இருந்தாள். ஷெல்லடியில் யன்னல் கண்ணாடி அவளுடைய வீட்டில் என்ன செய்தது என்று அடுத்த வருடம் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதால் மட்டும் போதாது என்றும் பட்டது. உளவளத்துணைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன்.

உளவளத்துணையாளர் என்ற பேரை எங்கள் ஆட்கள் முழுதாகச் சொல்வதில்லை. 'கவுன்சிலிங் ரீச்சர்' என்று ஆகிவிட்டேன். முதலில் ஒரு பெரிய வீதியில் அறை எடுத்துப் பெயர்ப் பலகை போட்டேன். மூன்று மாதம் ஈ ஓட்டினேன். வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளின் நம்பரைப் பார்த்தே அது யாருடைய எத்தனையாவது மருமகனுடையது என்று சொல்லிவிடுகிற ஊரில், அந்தப் பலகைக்குக் கீழே யார் வண்டியை நிறுத்துவார்கள்?

பலகையைக் கழற்றிக்கொண்டு நல்லூருக்கு வந்தேன். கீழே டியூசன் நிலையம். மேல்மாடியில் என் அறை. யாராவது கண்டு கேட்டால் பிள்ளைக்கு டியூசன் விசாரிக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கலியாணம் கட்டாதவர்களும் வந்து டியூசன் விசாரிக்கிறார்கள்.

பெரியவர்கள் நெஞ்சிடியில் தொடங்குவார்கள், இல்லையென்றால் வயிற்றெரிவில். அதுவும் தனக்கில்லை, தனக்குத் தெரிந்த ஒரு ஆளுக்கு. மயிலிட்டியில் தன் காணிக்குத் திரும்பிப் போன ஒரு ஐயா, புதுவீடு கட்டி முடித்த பிறகு சோறு இறங்கவில்லை என்று வந்தார். அவருக்கில்லை, அவருக்குத் தெரிந்த ஒரு ஆளுக்கு. அந்த ஆளும் மயிலிட்டி, அவருக்கும் அதே வயது, அதே புதுவீடு. நான் மறுப்பதேயில்லை. அந்த ஆளைப் பற்றி மரியாதையாக விசாரிப்பேன். மூன்றாம் நான்காம் சந்திப்பில் அந்த ஆள் காணாமல் போய்விடுவார். ஐயா மட்டும் இருப்பார்.

பிள்ளைகள் வேறு. அவர்களைப் பழுதான ரேடியோ மாதிரிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்போது எடுக்க வரலாம் என்று கேட்கிற பெற்றோர்தான் அதிகம். பிள்ளைகளை நான் நேருக்கு நேர் இருத்துவதில்லை. இரண்டு கதிரையும் பக்கத்தில் பக்கத்தில், ரோட்டைப் பார்த்தபடி. மாதா கோவிலில், பாதிரியார் மறைந்திருக்கும் பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு வளர்ந்தவளுக்கு முகம் பார்க்காத இடத்தில் வாய் திறப்பது லேசு என்று தெரியும். 'ஏன்' என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது பிரம்போடு வருகிற கேள்வி.

பயிற்சியில் மூன்று சட்டங்கள் தந்தார்கள். பரிசு வாங்கக் கூடாது. ஆட்களின் வீட்டுக்குப் போனால் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. சொந்தக் கதை சொல்லக் கூடாது. படிப்பித்தவர் வேறு ஊரிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். கை நனைத்தால் உறவாகிவிடுவோம், உறவானால் உண்மை சொல்லக் கூச்சம் வந்துவிடும் என்று விளக்கினார். நியாயமான பேச்சு. முதல் சட்டம் தென்மராட்சி ஆட்களிடம் எடுபடவில்லை. வேண்டாம் என்றால் முருங்கைக்காய்க் கட்டை ஸ்கூட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்ற இரண்டையும் ஒழுங்காகக் காப்பாற்றி வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாங்கள் திறக்கேல்லை

அக்சயா வீட்டுக்குக் கிழமைக்கு ஒருநாள் போனேன். விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு, முற்றத்துச் செம்பரத்தையைப் பார்த்தபடி இருப்போம். தாய் சொல்வதால் வந்து இருப்பாள். அவ்வளவுதான். நான் பாடம் பற்றிக் கதைத்தேன், பாட்டுப் பற்றிக் கதைத்தேன், பிறகு கதைக்காமலும் இருந்து பார்த்தேன். யாராவது உமக்குக் கெடுதி செய்தார்களா என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அதை நம்பினேன். ஆனால் வேறு ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

தவணை முடிய மூன்று கிழமை இருந்தது. ஐந்தாம் முறை போனேன். நல்ல வெயில். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை அவிந்த மாதிரி இருந்தது. தாய் ஒரு தட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். அதில் ஒரு சோடாப் போத்தில், மூடியோடு. பக்கத்தில் மூடி திறக்கிற சாவி. கிளாஸ் இல்லை.

"வெய்யிலுக்குள்ளை வந்திருக்கிறியள் ரீச்சர்" என்றார் தாய். "இது கடைச் சோடாதான். நாங்கள் திறக்கேல்லை."

சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அரைப் போத்தில்

அந்தச் சோடாவை எனக்குத் தெரியும்.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குச் சில நேரம் ஒரு வாத்தியார் வருவார். கிராமப்புறத்து வேளாண்மைக் குடும்பத்து ஆள், சைவர், என் படிப்பில் அக்கறை உள்ளவர். அவர் படலையில் தெரிந்த உடனே அம்மா என் கையில் சில்லறையைத் திணிப்பார். நான் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வருவேன். எங்கள் வீட்டில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் சோடாதான். மூடியை உள்ளே வைத்துத் திறக்கக் கூடாது. அவருடைய கண்ணுக்கு முன்னால் திறக்க வேண்டும். அவர் பாதி குடித்துவிட்டு வைப்பார். மிச்சப் பாதி எங்களுக்கு. வாத்தியார் எப்போது வருவார் என்று நாங்கள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஏன் தேத்தண்ணி குடிப்பதில்லை என்று பதினைந்து வயதில் அம்மாவிடம் கேட்டேன். அவையள் எங்கடை வீட்டிலை குடிக்க மாட்டினம், கடற்கரைச் சனமெல்லே என்றார் அம்மா, மீனைக் கழுவியபடியே. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. குடித்து முடித்த அத்தனை அரைப் போத்திலையும் வாந்தி எடுக்க வேண்டும் போலிருந்தது.

இப்போது அந்தப் பந்தி வருகிறது. எங்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே ஒரு தகரக் கோப்பை தொங்கியது. கிணறு இறைக்கவும் வளவு துப்புரவாக்கவும் வருகிற ஒருவருக்கு அதில்தான் அம்மா தேத்தண்ணி ஊற்றுவார். வாத்தியாரின் சோடாவுக்குக் கோபப்பட்ட நான் அந்தத் தகரக் கோப்பையைப் பற்றி ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. கையெழுத்துப் பிரதியில் இந்த இடத்தை எழுதிவிட்டு, பிறகு கூச்சப்பட்டு வெட்டிவிடலாமா என்று அக்சயாவிடம் கேட்டேன். இதை வெட்டினால் மற்றதையும் போடாதேங்கோ மிஸ் என்று எழுதி அனுப்பினாள்.

'இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்' என்ற வசனம் எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் சோடா வாங்கச் சில்லறை இல்லாத நாட்களில் வாத்தியார் சொல்கிற வசனம் அது. குடிக்க மனமில்லாத ஒவ்வொருவரும், சாதியில் தங்களுக்குக் கீழே என்று நினைக்கிற வீடுகளில் பரம்பரையாகச் சொல்லிவருகிற வசனம். பயிற்சியில் தந்த சட்டத்தைக் காப்பாற்ற அதைத்தான் நான் எடுத்திருக்கிறேன்.

கோபம்

அந்தப் பதற்றத்தில் அடுத்த பிழையையும் விட்டேன். சோடாவைத் தள்ளி வைத்தேன். "எனக்கு உது வேண்டாம் பிள்ளை. நீங்கள் குடிக்கிற தேத்தண்ணி கொஞ்சம் தாருமன்" என்றேன்.

அக்சயா செம்பரத்தையிலிருந்து கண்ணை எடுத்தாள். ஐந்து கிழமையில் முதல் தடவையாக என்னை நேரே பார்த்தாள்.

"இப்ப குடிச்சுக் காட்டப் போறியளோ?"

தள்ளிய சோடாவைத் திரும்ப என் பக்கம் இழுத்தேன்.

"இஞ்சை வாற எல்லாரும் எங்கையோ குடிச்சிட்டுத்தான் வருவினம், மிஸ். ஒருத்தருக்கும் தாகம் இல்லை."

குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. அன்று அந்தத் தேத்தண்ணியைத் தானே போட்டதாகவும், ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அடுப்படிக்குள் போனதாகவும், கவுன்சிலிங் மிஸ் என்றால் வேறு மாதிரி ஆளாக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னாள். அம்மா அந்தத் தேத்தண்ணியைக் கொட்டாமல் தானே குடித்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

என்னுடைய பழைய புத்திக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, யாருடைய வீட்டிலும் குடிக்கக் கூடாதென்று, அதை உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் பொய் சொன்னேன், அது என் பிழை என்றேன். மூன்றாவது சட்டத்தையும் அன்று உடைத்தேன். குருநகரையும் வாத்தியாரையும் அரைப் போத்தில் சோடாவையும் சொன்னேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சட்டம் எழுதினவைக்கு எங்கடை ஊரைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்" என்றேன். "எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

அந்த 'ஓம்' அவளுக்குப் போதுமாக இருந்தது போல. கதிரையை இழுத்து, பழையபடி முற்றத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். பிறகு நான் கேட்காமலே தொடங்கினாள்.

கடதாசிக் கப்

தர்சி என்பவள் அவளுடைய உயிர்ச் சிநேகிதி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். தர்சி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பிள்ளைகள் கூடிப் படித்திருக்கிறார்கள். அக்சயா அந்த வீட்டுக்குள் போனது அதுதான் முதல் தரம். தர்சியின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான்கு கண்ணாடிக் கிளாஸ். ஒரு கடதாசிக் கப்.

கிளாஸ் காணாது பிள்ளை என்று சொல்லிக் கடதாசிக் கப்பை அக்சயாவிடம் நீட்டினார். அவருக்குப் பின்னால் தட்டில் இன்னும் மூன்று கிளாஸ் இருந்ததை அக்சயா கண்டாள். கணக்கில் முதல் ஆள் அல்லவா, எண்ணிவிட்டாள்.

"குடிக்கக் குடிக்க கப் மெத்தெண்டு போச்சு மிஸ். கைக்குள்ளை நசிஞ்சுது. முடிஞ்சாப் பிறகு மற்றவையின்ரை கிளாசை அவ வாங்கினவ. என்னட்டை, நீர் உதை வாளிக்குள்ளை போட்டிடும் எண்டவ."

அவள் போட்டுவிட்டு வந்து மிச்சக் கணக்கையும் செய்திருக்கிறாள். எல்லா விடையும் சரி. வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டு மதிலைக் கட்டியதே அப்பாதான், அவருக்கு எப்படிச் சொல்வது என்றாள். மறுநாள்தான் தலையிடி தொடங்கிய திங்கட்கிழமை.

எனக்குக் குருநகர் வாய். அந்தத் தாயின் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று கால் பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். இது என் கோபம் ஆற்றுகிற இடமில்லை. பள்ளிக்கூடம் என்றால் இப்போது எது பயம் என்று மட்டும் கேட்டேன்.

"தர்சியின்ரை அம்மாவுக்கு நான் பயமில்லை" என்றாள். "தர்சிக்குத் தெரியுமோ எண்டதுதான்."

அதுதான் அவளை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தது. தர்சி பக்கத்தில்தான் இருந்தாள். அந்தக் கப்பை ஏன் தருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டேன், தெரியும் என்று சொன்னால் தாங்க மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடம் போனால் அதே வாங்கில் பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தால் கேட்க வேண்டும். தர்சி அனுப்பிய நோட்ஸ் எல்லாம் அவளுடைய ஃபோனில் பார்க்கப்படாமல் கிடந்தன.

பாவம், அவளுக்குத் தெரிந்திருக்காது என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. எப்படிச் சொல்வேன்? எனக்கும் தெரியாதே.

ஓம் அல்லது இல்லை

அடுத்த இரண்டு சந்திப்பிலும் ஒரே வேலைதான் செய்தோம். தாங்க மாட்டேன் என்கிறாயே, அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். தொண்டை அடைக்கும் என்றாள். சரி, அடைக்கட்டும், பிறகு? அழுகை வரும். பிறகு? எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு? மணி அடிக்கும், அடுத்த பாடம் வரும் என்றாள், கொஞ்சம் எரிச்சலோடு. அந்த எரிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. படுத்தே கிடந்த பிள்ளைக்கு எரிச்சல் வந்தால் நான் அதைக் கொண்டாடுவேன்.

தர்சியிடம் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டுப் பழகினாள். நான் தர்சியாக இருந்து தெரியும் என்றேன், தெரியாது என்றேன், மழுப்பினேன், கோபப்பட்டேன். என் நடிப்பு படுமோசம் என்று சொல்லி ஒருமுறை சிரித்துவிட்டாள். தாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளோ. அன்று அவர் கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்தார். ரோசாப்பூக் கோப்பை இல்லை, வீட்டில் புழங்குகிற, பிடி உடைந்த கோப்பை. சீனி அள்ளிப் போட்டிருந்தார். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. முழுதாகக் குடித்தேன். ஒருவரும் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

தவணை முடிய ஐந்து நாள் இருக்கும்போது தர்சிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் எனக்குச் சொன்னாள். அதை எனக்கும் அனுப்பியிருந்தாள். நடுக்கமில்லாத, கணக்கு வாசிக்கிற குரல்.

"உங்கடை அம்மா எனக்கு மட்டும் கடதாசிக் கப்பிலை தந்தது ஏனெண்டு உனக்குத் தெரியுமோ? ஓம் இல்லையெண்டா இல்லை, ரெண்டிலை ஒண்டு சொல்லு. விளக்கம் வேண்டாம்."

தர்சி அதைக் கேட்டுவிட்டாள் என்று ஃபோன் காட்டியது. பின்னேரம் முழுக்கப் பதில் இல்லை. நான் அன்று அறையில் இரண்டு பேரைச் சந்தித்தேன். இரண்டு பேருக்கும் அரைக் காதைத்தான் கொடுத்தேன், அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பயமாக இருந்தது. இந்தப் பிள்ளை விழுந்தால் தூக்கிவிட என்னிடம் வேறு வழி ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்தநாள் காலை தாய் எனக்கு ஃபோன் எடுத்தார். மூச்சு வாங்கியது.

"ரீச்சர், பிள்ளை யூனிபோர்ம் போட்டிட்டுப் பள்ளிக்கூடம் போட்டாள். ஒண்டும் சொல்லேல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டாள்."

தர்சி என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. கேள்வியே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததையும் நான் சொல்ல முடியாது. போனது நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணி போல அக்சயாவே எனக்கு ஃபோன் எடுத்தாள். பின்னால் பெட்டைகளின் சத்தமும் சைக்கிள் பெல்லும் கேட்டன. எனக்குத் தெரியாத நம்பர். பள்ளிக்கூடத்துக்குத் தன் ஃபோனைக் கொண்டுபோக விடமாட்டார்களாம், வீதியில் இருந்த ஒரு கடை அக்காவின் ஃபோனாம்.

"ஓம் எண்டு போட்டிருந்தவள் மிஸ். காலமைதான் போட்டவள். ஓம் எண்டு மட்டும்."

அப்படியும் போனாயா என்று கேட்டேன்.

"பொய் சொல்லேல்லை" என்றாள். "அதாலைதான் போனனான்."

தொண்டை அடைத்ததா என்று கேட்டேன். அடைத்தது, அழுகையும் வந்தது, பிறகு மணி அடித்தது என்றாள். எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

"என்ரை இடத்திலைதான். நான் ஏன் மாற வேணும்? அவள்தான் எழும்பிப் பின்வாங்கிலை போய் இருந்தவள். இன்டேவல் முடிய வந்து பக்கத்திலை இருந்தாள். ஒண்டும் கதைக்கேல்லை. என்ரை தண்ணிப் போத்திலை எடுத்துத் திறந்தாள்."

குடித்தாளா என்று கேட்டேன்.

"பறிச்சிட்டன் மிஸ்."

"ஏன்?" என்றேன். நான் கேட்பதில்லை என்று எழுதிய அதே கேள்வி.

"கேட்டிட்டுக் குடி எண்டனான்."

"பேந்து?"

"அழுதுகொண்டு கேட்டவள். குடுத்தனான். முழுசாக் குடிச்சு முடிச்சிட்டாள், மிஸ். கடைசி ரெண்டு பாடமும் எனக்குச் சரியான தாகம்."